வால்ட் டிஸ்னியும் தோட்டத்து இரயிலும்

முன்னுரை

மிக்கி மவுஸ் என்னும் சுட்டி எலியை அறியாத சிறுவர் சிறுமியர் இல்லை. அந்த எலியைத் திரையில் ஓடவிட்டு உலகத்தையே சிரிக்க வைத்தவர் வால்ட் டிஸ்னி. கார்ட்டூன் படங்களால் புகழ் பெற்றவர் என்றும், டிஸ்னிலாந்து என்னும் அதிசயப் பூங்காவை அமைத்தவர் என்றும் அவரை நாம் அறிவோம். ஆனால் அவர் தம் வீட்டுத் தோட்டத்தில் ஓர் இரயில் வைத்திருந்தார் என்பதை நம்மில் பலர் அறியோம். அது சாவி கொடுத்து ஓடும் பொம்மை அன்று; நிலக்கரி எரித்து, நீராவியால் இயங்கி, பெரியவர்களையும் சுமந்து சென்ற இரயில். அதன் பல பாகங்களை அவரே தம் கையால் செய்தார். அந்த இரயில்மீது உயிரையே வைத்திருந்த அவர், ஒருநாள் தாமே அதை நிறுத்திப் பூட்டியும் வைத்தார். அவர் அவ்வாறு செய்தது ஏன்? அவரது வாழ்க்கையை அந்த இரயிலின் பாதை வழியாகவே சென்று காண்போம்.

பிறப்பும் இளமையும்

வால்ட் டிஸ்னி 1901-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் அமெரிக்க நாட்டின் சிகாகோ நகரில் பிறந்தார். தந்தை எலியாஸ், தாய் புளோரா. ஐந்து குழந்தைகளுள் வால்ட் நான்காமவர். அவருக்கு நான்கு வயதானபோது, 1906-இல், குடும்பம் மிசௌரி மாநிலத்தில் உள்ள மார்சலின் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்து பண்ணைத் தொழில் செய்தது.

மார்சலின் இரயிலால் உண்டான ஊர். சாண்டா பே இரயில் கம்பெனி தன் பாதையை அவ்வழியே போட்டதால்தான் அங்கே ஊரே எழுந்தது. வால்டின் தாயின் சகோதரியை மணந்த மைக் மார்ட்டின் என்பவர் அந்தப் பாதையில் எஞ்சின் டிரைவராக இருந்தார். அவர் வீட்டிற்கு வரும்போதெல்லாம் இரயில் கதைகள் சொல்வார். கரும்புகை கக்கி, தரை அதிர வரும் எஞ்சினைத் தம் சொந்தக்காரர் ஒருவரே ஓட்டுகிறார் என்றால் ஒரு சிறுவனுக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்! பிற்காலத்தில் வால்ட் எத்தனையோ ஊர்களில் வாழ்ந்தபோதிலும், மார்சலினையும் அதன் இரயிலையும் அவர் மறக்கவே இல்லை.

தந்தை நோயுற்றதால் பண்ணையை விற்க நேர்ந்தது. 1911-இல் குடும்பம் கான்சாஸ் நகருக்குச் சென்றது. அங்கே வால்டும் அண்ணன் ராயும் விடியுமுன் எழுந்து, கொட்டும் பனியிலும் வீடு வீடாகச் செய்தித்தாள் போட்டனர். ஆறு ஆண்டுகள் இந்த வேலையைச் செய்த வால்ட், வகுப்பில் உறங்கி வழிந்த நாட்கள் பல.

1917-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அவருக்கு வயது பதினைந்து. அதாவது நம் வயது. அப்போது ஓடும் இரயிலில் செய்தித்தாள், பழம், மிட்டாய், குளிர்பானம் விற்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. பித்தளைப் பொத்தான்கள் வைத்த சீருடை அணிந்து பெட்டி பெட்டியாகச் சென்று விற்றார். நிலையங்களில் வண்டி நிற்கும்போது டிரைவருக்குப் புகையிலை கொடுத்து நட்பாகி, எஞ்சினிலேயே ஏறிப் பயணம் செய்வாராம். வியாபாரக் கணக்குப்படி அந்தக் கோடையில் அவருக்கு மிஞ்சியது நஷ்டம்தான். ஆனால் எஞ்சினின் உள்ளே என்ன நடக்கிறது, டிரைவரின் கண் எந்தக் குழாயைப் பார்க்கிறது, கை எந்தப் பிடியைத் திருப்புகிறது என்பதை அவர் அருகில் நின்று கண்டார். அந்தப் பாடம் முப்பது ஆண்டுகள் கழித்துப் பயன் தந்தது.

தொழிலும் தோல்வியும்

முதல் உலகப்போர் முடிந்தபின் பிரான்சு நாட்டில் செஞ்சிலுவைச் சங்க வண்டியோட்டியாகப் பணிபுரிந்து திரும்பிய வால்ட், படம் வரைவதையே தொழிலாகக் கொண்டார். 1922-இல் கான்சாஸ் நகரில் லாஃப்-ஓ-கிராம் என்னும் படக் கம்பெனியைத் தொடங்கினார். மறு ஆண்டே அது திவாலாயிற்று. காமிராவை விற்றுக் கலிபோர்னியாவுக்கு இரயில் டிக்கெட் வாங்கிய அவர் கையில் மிஞ்சியது 40 டாலர்தான் என்பர். 1923 அக்டோபரில் அண்ணன் ராயுடன் சேர்ந்து ஹாலிவுட்டில் மீண்டும் தொழிலைத் தொடங்கினார். 1925-இல் லில்லியன் என்னும் பெண்ணை மணந்தார்.

1928-இல் மற்றொரு அடி விழுந்தது. அவர் பாடுபட்டு வளர்த்த ஆஸ்வால்ட் என்னும் முயல் பாத்திரத்தின் உரிமை, ஒப்பந்தப்படி விநியோகக் கம்பெனிக்கே சொந்தம் என்று தெரிய வந்தது. நியூயார்க்கிலிருந்து வெறுங்கையுடன் இரயிலில் திரும்பும் வழியில்தான் மிக்கி மவுஸ் பற்றிய எண்ணம் அவர் மனத்தில் தோன்றியது என்று சொல்வார்கள். அந்த ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் ஒலியுடன் வெளிவந்த ஸ்டீம்போட் வில்லி என்னும் படம் மிக்கியை உலகப் புகழுக்கு உயர்த்தியது. 1937-இல் வெளிவந்த ஸ்நோ ஒயிட் என்னும் முழுநீளப் படம் அவருக்குப் பெரும் செல்வத்தையும் தேடித் தந்தது.

அடுப்புக் கோளாறும் அன்னையின் மறைவும்

செல்வம் வந்ததும் பிள்ளைகள் இருவரும் முதலில் நினைத்தது பெற்றோரைத்தான். வடக்கு ஹாலிவுட்டில் பெற்றோருக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுத்தனர். குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக வைத்திருக்க ஓர் உலை இருக்கும். அந்த உலையில் கோளாறு இருப்பதாகத் தாய் புளோரா கூறினார். வால்ட் தம் ஸ்டூடியோ ஆட்களை அனுப்பிப் பழுது பார்க்கச் செய்தார். அவர்களும் சரி செய்துவிட்டதாகத்தான் நினைத்தார்கள். ஆனால் பழுது நீங்கவில்லை. 1938 நவம்பர் 26 அன்று நச்சுப்புகை வீட்டினுள் பரவியது. தந்தை எலியாஸ் மயங்கிய நிலையில் காப்பாற்றப்பட்டார். தாய் புளோரா இறந்துபோனார்.

தாய்க்கு அன்போடு கொடுத்த வீடே தாயின் உயிரைப் பறித்தது. இதைப் பற்றி வால்ட் அதன்பின் யாரிடமும் பேச விரும்பியதில்லை. நாமும் இதைச் சில வரிகளில் கூறி நகர்கிறோம். ஆனால் பழுது பார்த்தாயிற்று என்று சொல்வது வேறு, பழுது நீங்கிற்று என்று உறுதி செய்வது வேறு என்பதை அவர் எவ்வளவு துயரத்தோடு அறிந்தார் என்பதை இக்கட்டுரையைப் படிப்போர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

அறைக்குள் ஓடிய இரயில்

1941-இல் ஸ்டூடியோவில் வேலைநிறுத்தம் நடந்தது. பிறகு போர் வந்தது. போர் முடிந்தபோது கம்பெனி கடனில் இருந்தது. வால்ட் களைத்துப் போயிருந்தார். மனத்திற்கு ஓய்வு தேவை என்று மருத்துவர்கள் அறிவுறுத்தினர். 1947 கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். லயனல் கம்பெனியின் மின்சார பொம்மை இரயில் ஒன்றை வாங்கினார். அதைத் தமக்கென்றே வாங்கினார்! அலுவலக அறையை அடுத்த அறையில் தண்டவாளம் பூட்டி, அதை ஓட்டி மகிழ்ந்தார்.

அவரிடம் பணிபுரிந்த ஓவியர்களுள் இருவர் அவரைவிடப் பெரிய இரயில் பித்தர்கள். வார்டு கிம்பால் என்பவர் உண்மையான பழைய நீராவி எஞ்சினையே வாங்கித் தம் வீட்டுக் கொல்லையில் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆலி ஜான்ஸ்டன் என்பவர் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் நீராவி எஞ்சின் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். இவர்களைக் கண்டபின் மின்சார பொம்மை வால்டுக்குப் போதவில்லை. 1948-இல் கிம்பாலுடன் சிகாகோவில் நடந்த இரயில் கண்காட்சிக்குச் சென்று, பழங்கால எஞ்சின்களைக் கண்டும் ஓட்டியும் திரும்பினார். திரும்பும்போது தாமும் ஓர் உண்மையான நீராவி இரயிலைச் செய்வது என்று முடிவு கட்டிவிட்டார்.

முதலாளி சீடரானார்

மத்திய பசிபிக் இரயில் கம்பெனியில் 173-ஆம் எண்ணுடைய எஞ்சின் ஒன்று முற்காலத்தில் ஓடியது. விபத்தில் சிதைந்து, சாக்ரமென்டோ பட்டறையில் புதிதுபோல் மீண்டும் கட்டப்பட்ட எஞ்சின் அது. முன்னே நான்கு சிறு சக்கரங்களும், நடுவே நான்கு பெரிய ஓட்டுச் சக்கரங்களும் உடையது. அதன் வரைபடங்களைப் பெற்று, எட்டில் ஒரு பங்கு அளவில் புதிய எஞ்சின் திட்டமிடப்பட்டது. தண்டவாளங்களுக்கு இடையே அகலம் ஏழேகால் அங்குலம்.

ஸ்டூடியோ இயந்திரப் பட்டறையின் தலைவர் ரோஜர் பிராகி. நூற்றுக்கணக்கானோருக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளியாகிய வால்ட், மாலை வேளைகளில் அந்தப் பட்டறைக்கு வந்து, பிராகியிடம் சீடராக நின்றார். கடைசல் இயந்திரத்தில் உலோகம் கடையவும், தகடு வெட்டி வளைக்கவும், பற்ற வைக்கவும் ஒரு புதுப் பையனைப்போல் கற்றார். மரவேலைகளையும் தாமே செய்தார். இரயிலின் கடைசியில் செல்லும் கார்டு வண்டியை அவரே கட்டினார். அதன் உள்ளே யாரும் நுழைய முடியாது. இருந்தும் சிறு படுக்கைகள், அலமாரிகள், கணப்படுப்பு ஆகியவற்றைச் சிறிய அளவில் செய்து வைத்தார். அந்தக் கணப்படுப்பின் அழகில் மயங்கி, மேலும் பலவற்றை விதவிதமாய்ச் செய்து நண்பர்களுக்குக் கொடுத்தார். யாரும் காணாத இடத்திலும் வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

எஞ்சினுக்கு மனைவியின் பெயரால் லில்லி பெல் என்று பெயர் சூட்டினார். 1949 டிசம்பர் 24, கிறிஸ்து பிறப்பின் முந்தின நாள், ஸ்டூடியோவில் சுமார் 300 அடிப் பாதை போட்டு அதை முதன்முதலாக நீராவியில் ஓட்டிப் பார்த்தனர்.

தோட்டத்தில் பாதை

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஹோம்பி ஹில்ஸ் பகுதியில், கரோல்வுட் என்னும் தெருவில் ஐந்து ஏக்கர் நிலம் வாங்கி வால்ட் வீடு கட்டினார். தோட்டம் முழுவதும் தண்டவாளம் ஓடப்போகிறது என்றால் வீட்டுக்காரியம்மாள் சும்மா இருப்பாரா? ஆகவே வால்ட் ஒரு வேடிக்கை செய்தார். வழக்கறிஞரைக் கொண்டு முறைப்படி ஒரு பத்திரம் எழுதி, பாதைக்கு இடம் கொடுக்கச் சம்மதம் என்று மனைவி லில்லியனிடமும், மகள்கள் டயான், ஷாரன் இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்!

1950 மே 7-ஆம் நாள் கரோல்வுட் பசிபிக் இரயில்பாதை ஓடத் தொடங்கியது. பாதையின் மொத்த நீளம் 2,615 அடி. 46 அடி நீளமுள்ள மரப்பாலம் ஒன்றும், 90 அடி நீளமுள்ள சுரங்கம் ஒன்றும் உண்டு. சுரங்கத்தின் மேலே லில்லியனின் பூந்தோட்டம். நேராகத் தோண்டினால் செலவு குறையும் என்று மேஸ்திரி சொன்னார். அப்படியானால் தோண்டாமலே விட்டால் இன்னும் குறையுமே என்ற பொருள்பட வால்ட் பதில் சொன்னாராம். உள்ளே நுழைபவருக்கு மறுமுனையின் வெளிச்சம் தெரியக்கூடாது, இருட்டில் சற்றுத் திகைக்க வேண்டும் என்பதற்காகச் சுரங்கத்தை வளைத்து வளைத்து அமைத்தார். மார்சலின் பண்ணையில் இருந்த களஞ்சியத்தைப்போல் ஒரு மரக்கொட்டகை கட்டி, அதையே பட்டறையாகவும் பாதைமாற்றும் கட்டுப்பாட்டு அறையாகவும் வைத்துக்கொண்டார். ஞாயிறுதோறும் விருந்தினர் வந்து பெட்டிகளின்மேல் கால் பரப்பி அமர்ந்து ஊர்வலம் வந்தனர்.

சிறிய இரயிலின் பெரிய தொல்லைகள்

பெரிய எஞ்சினைச் சிறிதாக்கினால் தொல்லைகளும் சிறிதாகிவிடும் என்று நாம் எண்ணக்கூடும். உண்மை அதற்கு நேர்மாறு. எல்லா அளவுகளையும் எட்டில் ஒன்றாகக் குறைத்தால், பரப்பு அறுபத்து நான்கில் ஒன்றாகும். கனஅளவும் எடையும் 512-இல் ஒன்றாகும். 40 டன் எடையுள்ள ஒரு பெட்டியை இவ்வாறு சிறிதாக்கினால், ஏறத்தாழ 78 கிலோ எடையுள்ள பெட்டிதான் கிடைக்கும். ஆனால் அதன்மேல் உட்காரும் மனிதர் சிறிதாவதில்லை! பெரிய இரயிலில் பயணிகளின் எடை பெட்டியின் எடையில் ஒரு சிறு பங்கே. தோட்டத்து இரயிலிலோ மேலே அமர்ந்தவரின் எடை கீழே உள்ள பெட்டியின் எடைக்குச் சமமாகிவிடும். பாரம் முழுவதும் உயரத்தில். கீழே தாங்குவது ஏழேகால் அங்குல அகலப் பாதை. ஒருபக்கம் சாய்ந்தாலே போதும், வண்டி தடம் புரளும்.

வளைவில் இந்த ஆபத்து இன்னும் கூடும். வளைவில் திரும்பும் வண்டியை வெளிப்புறமாய்த் தள்ளுவதுபோல் நாம் உணரும் விசை, வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளரும் என்று பௌதிகப் பாடத்தில் படித்திருக்கிறோம். வேகம் இரண்டு மடங்கானால் அந்த விசை நான்கு மடங்காகும். வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்காகும்.

எனவே இத்தகைய இரயில் தடம் புரண்டால், அனுபவமுள்ளோர் உடனே எஞ்சினைக் குறை கூறமாட்டார்கள். முதலில் பாதையைப் பார்ப்பார்கள். இரு தண்டவாளங்களுக்கு இடையே அகலம் எங்கும் ஒன்றாக இருக்கிறதா, மழையில் ஜல்லி இறங்கி ஒருபக்கம் தாழ்ந்துவிட்டதா, இணைப்பில் முனை தூக்கி நிற்கிறதா என்று அளவுகோலும் மட்டப்பலகையும் வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார்கள். அடுத்துச் சக்கரம், பின்பு பாரம் ஏற்றிய விதம், கடைசியாக ஓட்டியவரின் வேகம். ஒரே நேரத்தில் இரண்டைத் திருத்தமாட்டார்கள். ஒன்றைத் திருத்தி, மறுபடி ஓட்டிப் பார்த்து, பிறகே அடுத்ததைத் தொடுவார்கள். அப்போதுதான் கோளாறு எதில் இருந்தது என்று தெரியும்.

கொதிகலன் அதைவிடக் கவனத்திற்குரியது. நம் வீட்டுப் பிரஷர் குக்கரைப்போல் அதிலும் பாதுகாப்பு வால்வு உண்டு. உள்ளே நீர் எவ்வளவு உள்ளது என்று காட்டும் கண்ணாடிக் குழாயும் உண்டு. சிறிய கொதிகலனில் நீர் குறைவு. ஆகவே விரைவில் வற்றும். சிறிய தீ, ஆகவே விரைவில் அணையும். சிறிய குழாய், ஆகவே விரைவில் அடைத்துக்கொள்ளும். நெருப்பு மூட்டுமுன் கொதிகலனைக் குளிர்ந்த நீரால் நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிட அதிக அழுத்தம் கொடுத்துச் சோதிப்பது முறை. நீர் சுருங்காத பொருள் ஆதலால், அப்போது கலம் விட்டாலும் வெடித்துச் சிதறாது, கசிவோடு நின்றுவிடும். ஆபத்தை ஆபத்தில்லாத நேரத்தில் தேடிக் கண்டுபிடிப்பதே இதன் கருத்து.

ஐந்து வயதுச் சிறுமி

1953-ஆம் ஆண்டு வசந்த காலம். வழக்கம்போல் விருந்தினர் வந்திருந்தனர். அன்று எஞ்சினை ஓட்டியவர் விருந்தினருள் ஒருவர். அவர் வளைவில் வேகத்தைக் குறைக்கவில்லை. லில்லி பெல் தடம் புரண்டு பக்கவாட்டில் சாய்ந்தது. சாய்ந்த வேகத்தில் ஊதல் முறிந்து, அந்த ஓட்டை வழியே நீராவி பீறிட்டது. என்ன நடந்தது என்று பார்க்க ஓடிவந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் கால்களை நீராவி சுட்டுவிட்டது.

இங்கே ஓர் உண்மையைக் கூற வேண்டும். கொதிகலனிலிருந்து வெளிவரும் நீராவி கண்ணுக்குத் தெரியாது. கொதிக்கும் கெண்டியின் மூக்கை உற்றுப் பார்த்தால், மூக்கிற்கும் வெண்புகைக்கும் நடுவே வெற்றிடம்போல் ஒரு சிறு இடைவெளி இருப்பதைக் காணலாம். சுடுவது அந்த இடம்தான். வெள்ளையாய்த் தெரிவது குளிர்ந்து துளிகளாக மாறிய நீர். பெரியவர்களே மறந்துவிடும் இதை ஐந்து வயதுக் குழந்தை எப்படி அறியும்?

ஊதலை மாற்றிவிடலாம். வளைவைச் சற்று அகலமாக்கலாம். இனி விருந்தினர் ஓட்டக்கூடாது என்று சட்டம் போடலாம். பட்டறையில் திறமைசாலிகள் இருந்தனர், பணமும் இருந்தது. ஒரு வாரத்தில் வண்டி மீண்டும் ஓடியிருக்கும். ஆனால் வால்ட் அப்படிச் செய்யவில்லை. லில்லி பெல்லை ஸ்டூடியோவுக்கு அனுப்பிப் பத்திரமாக வைத்துவிட்டார். கரோல்வுட் பசிபிக் பாதையை மூடினார். மூன்று ஆண்டுகள் தம் ஓய்வெல்லாம் கொடுத்து வளர்த்த விளையாட்டை ஒரு குழந்தையின் காயத்திற்காக நிறுத்திவிட்டார்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தம் தாயின் வீட்டில் நடந்ததை அப்போது அவர் நினைத்தாரா? அதை அவர் எங்கும் சொல்லவில்லை. நாமும் சொல்லத் துணியவில்லை. ஆனால் ஒருமுறை பழுது நீங்காமல் தாயை இழந்தவர், இரண்டாம் முறை ஒரு பிள்ளை துன்புற்றபோது, அரைகுறையாய்த் திருத்திவிட்டு மீண்டும் ஓட்டவில்லை என்பது மட்டும் நம் கண்முன் நிற்கிறது.

ஐந்து மடங்காய் எழுந்தது

மூடிய பாதை முடிவாகிவிடவில்லை. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழும் ஒரு பூங்கா அமைக்க வேண்டும் என்னும் எண்ணம் ஏற்கனவே அவர் மனத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. பலர் நகைத்தனர். அவர் தம் ஆயுள் காப்புப் பத்திரத்தின்மேல் கடன் வாங்கினார். தமக்கிருந்த வேறொரு வீட்டையும் விற்றார். அனாஹெய்ம் என்னுமிடத்தில் 160 ஏக்கர் நிலத்தில் 1954 ஜூலையில் வேலை தொடங்கி, 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது.

அந்தப் பூங்காவைச் சுற்றி ஓர் இரயில் ஓட வேண்டும் என்பது அவருடைய முதல் விருப்பம். அதற்கான இரண்டு எஞ்சின்களைச் செய்ய வரைபடம் தேடி எங்கும் போகவில்லை. லில்லி பெல்லின் வரைபடங்களையே ஐந்து மடங்காகப் பெரிதாக்கினார்கள். ஏழேகால் அங்குலப் பாதை 36 அங்குலப் பாதை ஆயிற்று. பூட்டி வைத்த சிறு எஞ்சினிலிருந்து இரு பெரிய எஞ்சின்கள் பிறந்தன. சாண்டா பே இரயில் கம்பெனியின் முன்னோர் இருவரின் நினைவாக அவற்றுக்கு சி.கே. ஹாலிடே, ஈ.பி. ரிப்ளி என்று பெயரிட்டனர். திறப்பு விழாவன்று கலிபோர்னியாவின் ஆளுநரையும் சாண்டா பே கம்பெனியின் தலைவரையும் ஏற்றிக்கொண்டு ரிப்ளி எஞ்சினை நிலையத்திற்கு ஓட்டி வந்தவர் வால்டேதான். மார்சலின் தண்டவாளத்தருகே நின்ற சிறுவனின் கனவு அன்று நனவாயிற்று.

டிஸ்னிலாந்து இரயிலிலும் குறைகள் இருந்தன. அவை ஒவ்வொன்றாய்த் திருத்தப்பட்டன. முதலில் செய்த மூடிய பெட்டிகளில் மக்கள் ஏறி இறங்க நேரமாயிற்று. எனவே பக்கம் திறந்த பெட்டிகள் வந்தன. பழைய பெட்டிகள் 1974-இல் ஓய்வு பெற்றன. அவற்றுள் ஒன்று பின்னர் அழகுற மாற்றியமைக்கப்பட்டு, லில்லி பெல் என்னும் அதே பெயரைப் பெற்றது. மேலும் எஞ்சின்கள் தேவைப்பட்டபோது, புதிதாகச் செய்யாமல், லூசியானாவில் கரும்பு இழுத்துக் களைத்த 1894-ஆம் ஆண்டு எஞ்சின் ஒன்றையும், 1925-இல் செய்யப்பட்ட மற்றொன்றையும் தேடி வாங்கிப் புதுப்பித்தனர். அவை 1958, 1959-ஆம் ஆண்டுகளில் ஓடத் தொடங்கின. 2009 முதல், பூங்காவின் சமையற்கூடங்களில் பயன்படுத்தி மிஞ்சிய எண்ணெயைப் பக்குவப்படுத்தி இந்த எஞ்சின்களில் எரிக்கத் தொடங்கினர்.

இறுதி நாட்கள்

இளமை முதல் வால்டுக்கு விடாத புகைப் பழக்கம் ஒன்று இருந்தது. இயந்திரங்களில் சிறு கோளாற்றையும் பொறுக்காத அவர், தம் உடலைக் கெடுத்துக்கொண்டிருந்த இந்தக் கோளாற்றை மட்டும் திருத்திக்கொள்ளவில்லை. நுரையீரல் புற்றுநோய் கண்டு, கன்னியர் சபையினரால் நிறுவப்பட்ட புனித சூசையப்பர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். தம் ஸ்டூடியோவுக்கு எதிரிலேயே இருந்த அம்மருத்துவமனையில் 1966 டிசம்பர் 15 அன்று, தமது 65-ஆம் வயதில் உயிர் நீத்தார். இதையும் மறைக்காமல் கூறுவதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை. அவரைப் போற்றும் நம் தந்தையரும் அண்ணன்மாரும் இதைப் படித்தால் நல்லது.

1971-இல் புளோரிடாவில் திறக்கப்பட்ட டிஸ்னி வேர்ல்டு பூங்காவுக்கு, மெக்சிகோ நாட்டிலிருந்து பழைய எஞ்சின்கள் நான்கு வாங்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றுக்கு வால்டர் டிஸ்னி என்றும், ஒன்றுக்கு லில்லி பெல் என்றும், ஒன்றுக்கு அவருக்குத் தொழில் கற்பித்த ரோஜர் பிராகியின் பெயரும் சூட்டப்பட்டன. தோட்டத்து மரக்கொட்டகை கிரிபித் பூங்காவுக்குப் பெயர்த்துச் செல்லப்பட்டு, 1999-இல் பொதுமக்கள் காணத் திறக்கப்பட்டது. சிறிய லில்லி பெல், சான்பிரான்சிஸ்கோ நகரில் 2009-இல் திறக்கப்பட்ட டிஸ்னி குடும்பக் காட்சிச்சாலையில் இடம் பெற்றது.

முடிவுரை

வால்ட் டிஸ்னி பெற்ற விருதுகளும் சேர்த்த செல்வமும் ஏராளம். அவற்றைப் பற்றி எழுதியோர் பலர். நம் மனத்தில் நிற்பவை வேறு. முதலாளியாக இருந்தும் பட்டறையில் சீடராக நின்ற பணிவு ஒன்று. யாரும் நுழையாத கார்டு வண்டிக்குள்ளும் ஒழுங்காய்ப் படுக்கை செய்து வைத்த உண்மை ஒன்று. இவை எல்லாவற்றிலும் பெரியது, தமக்கு மிகப் பிரியமான ஒன்று பிறருக்குத் தீங்கு செய்தபோது அதை நிறுத்தத் தயங்காத நெஞ்சுறுதி.

நம் கையிலும் நாள்தோறும் சிறு வேலைகள் தரப்படுகின்றன. சோதனைச்சாலையில் ஸ்பிரிட் விளக்கை அணைப்பதும், சமையலறையில் கேஸ் அடுப்பை மூடிவிட்டோமா என்று மறுபடி பார்ப்பதும், தம்பி தங்கையரின் சைக்கிள் பிரேக்கைச் சரிபார்ப்பதும் சிறு காரியங்களே. சிறியவற்றில் உண்மையாய் இருப்பவரிடமே பெரியவை ஒப்படைக்கப்படும் என்னும் கருத்தை மறைக்கல்வி வகுப்பில் நாம் கேட்டிருக்கிறோம். எட்டில் ஒரு பங்கு அளவில் ஓர் எஞ்சினைப் பழுதறக் கற்றவர் கையில்தான் அது ஐந்து மடங்காய் வளர்ந்தது. சிறிய வேலையைத் திருத்தமாகச் செய்வோம். சரியாகிவிட்டது என்று சொல்லுமுன் ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம். பாதையில் ஒரு குழந்தை நிற்பதைக் கண்டால், நாம் எவ்வளவு ஆசையாய் ஓட்டும் வண்டியானாலும் நிறுத்துவோம்.